சர்வகலாசாலையின் வாயிற்படி

கல்வி எல்லாருக்கும் பொது என்று இன்று சொல்லாத சர்வகலாசாலை உலகில் எதுவும் இல்லை. ஜாதி, மதம், செல்வம், தேசம் என்னும் பேதங்களைப் பாராமல் தகுதி ஒன்றையே பார்த்து மாணவரைச் சேர்த்துக்கொள்வதாகப் பெரிய கலாசாலைகள் யாவும் பிரகடனம் செய்கின்றன. ஆயினும், அந்தக் கலாசாலைகளின் முன்மண்டபத்தை அடைவதற்கே பத்துப் பன்னிரண்டு படிகளை ஏறித் தீரவேண்டும் என்பதையும், ஏற முடியாத வித்தியார்த்தியின் தகுதி எவ்வளவு உயர்ந்ததாயினும் அது வாசலோடு நின்றுவிடுகிறது என்பதையும், அக்கட்டடங்களை எழுப்பியவர்களும் அவற்றில் போதித்தவர்களும் நெடுங்காலம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும், உடற்குறை உள்ள மாணவர்களின் தேவைகளைக் கவனிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கக் காணலாம். பார்வையற்ற மாணவருக்குப் பாடப்புத்தகத்தைப் பிரெய்லிலோ ஒலிப்பதிவிலோ தேடித் தருவதும், செவி கேளாதவருக்கு வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும், கை நடுங்குபவருக்குத் தேர்வில் அதிக நேரம் பெற்றுத் தருவதும், சக்கர நாற்காலியில் வருபவரின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் செய்வதும் அந்த அலுவலகத்தின் நித்தியக் கடமைகள். நிர்வாகிகளின் நெஞ்சில் ஒருநாள் சுரந்த காருண்யமே இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் மூலம் என்று நினைப்பவர்கள் பலர். சரித்திரமோ வேறு விதமாகச் சொல்கிறது. உதவி யாருக்கு வேண்டியிருந்ததோ அவர்களே அதன் உருவத்தையும் முறையையும் கண்டுபிடித்தார்கள். கலாசாலைகள் முதலில் மறுத்தன, பிறகு சகித்துக்கொண்டன, கடைசியில் தம்முடையதென்று ஏற்றுக்கொண்டன. இந்தக் கதை முக்கியமாக இரண்டு ஊர்களில் நடந்தது. ஒன்று, மத்திய மேற்குச் சமவெளியில் உள்ள இல்லினாய் ராஜ்யத்துச் சர்வகலாசாலை நகரம். மற்றொன்று, பசிபிக் கடலோரத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பெர்க்கெலி.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். உள்நாட்டு யுத்தம் உச்சத்தில் இருந்த 1864-ல், வாஷிங்டனில் செவிடர், ஊமையர் என்று அக்காலம் அழைத்தோருக்காக நடந்துவந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கல்லூரிப் பட்டங்கள் வழங்கும் அதிகாரத்தை அளிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டார். அதுவே பின்னாளில் காலடெட் சர்வகலாசாலை என்று பெயர் பெற்றது. செவி கேளாதவர்க்கு அது மகத்தான வரப்பிரசாதம். ஆனால் தனிக் கல்லூரி. பொதுக் கலாசாலையின் கதவோ அவர்களுக்கு மூடியேதான் இருந்தது. பார்வையற்றவர்களில் சிலர், புத்தகங்களை உரக்க வாசித்துக் காட்டும் நண்பர்களையோ கூலிக்கு வாசிப்பவர்களையோ துணைக்கொண்டு பொதுக் கலாசாலைகளிலேயே பட்டம் பெற்றார்கள். பெர்க்கெலியில் படித்துப் பின்பு அங்கேயே பேராசிரியரான யாகோபஸ் டென்புரூக் அவர்களில் ஒருவர். 1940-ல் பார்வையற்றோரின் தேசிய சம்மேளனத்தை நிறுவியவர் அவரே. நடக்க இயலாதவர்களின் நிலையோ எல்லாரிலும் பரிதாபமானது. வீட்டில் செல்வம் இருந்தால் ஆள் வைத்துத் தூக்கிச் செல்லலாம். இல்லாவிட்டால் வீட்டுத் திண்ணையே உலகம். தேகத்தில் நேர்ந்த குறை அந்தக் குடும்பத்தின் துர்ப்பாக்கியம் என்பதும், அதில் கலாசாலைக்கோ அரசாங்கத்துக்கோ யாதொரு பொறுப்பும் இல்லை என்பதுமே அக்காலத்தின் பொது அபிப்பிராயமாக இருந்தன.

இந்த அபிப்பிராயத்தை முதன்முதலில் அசைத்தது இரண்டாவது உலக மகா யுத்தம். முதல் மகா யுத்தத்தில் முதுகுத் தண்டில் குண்டு பாய்ந்த வீரர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் மாண்டுபோனார்கள். இரண்டாவது யுத்தத்திலோ, பெனிசிலின் போன்ற புதிய மருந்துகளாலும் புதிய சிகிச்சை முறைகளாலும் அத்தகையோர் ஆயிரக்கணக்கில் உயிர் தப்பி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவர்களாய், ஆனால் அறிவும் ஆசையும் சற்றும் குன்றாத வாலிபர்களாய் ஊர் திரும்பினார்கள். 1944-ல் நிறைவேறிய போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம், யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்லூரிச் சம்பளத்தையும் ஜீவனத்துக்கான தொகையையும் அரசாங்கமே கொடுக்கும் என்று விதித்தது. அதன் பயனாகச் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் படித்தார்கள். சட்டத்தின் கண்ணுக்குச் சக்கர நாற்காலியில் இருந்த வீரனும் காலால் நடந்த வீரனும் ஒன்றே. பணம் இருவருக்கும் கிடைத்தது. ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் முன் நின்றவனுக்குப் பதில் சொல்ல எந்தக் கலாசாலையும் தயாராக இல்லை.

இல்லினாய் ராஜ்யத்தில் கேல்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் யுத்த காலத்தில் ராணுவத்தார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தக் கட்டடங்கள் காலியாயின. படிக்க வந்த போர்வீரர் கூட்டத்துக்கு இடம் போதாமல் திண்டாடிய இல்லினாய் சர்வகலாசாலை, 1946-ல் அவற்றைத் தன் கிளையாக ஆக்கிக்கொண்டது. நோயாளிகளைக் கட்டிலோடும் நாற்காலியோடும் தள்ளிச் செல்வதற்காகவே அமைக்கப்பட்ட கட்டடங்களாதலால், அங்கே அகன்ற தாழ்வாரங்களும் படிகளுக்குப் பதிலாகச் சாய்தளங்களும் இருந்தன. கல்வி நோக்கம் எதுவும் இல்லாமல் ராணுவப் பொறியாளர்கள் செய்த அந்த ஏற்பாடு, நாட்டில் வேறெங்கும் கிடைக்காத வசதியாக அமைந்துவிட்டது. 1948-ல் திமோத்தி நுஜென்ட் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். தாமும் யுத்தத்தில் சேவை செய்து திரும்பியவரான அவர், சக்கர நாற்காலி மாணவர்கள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படித்து ஒரே பட்டத்தைப் பெறவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவர்களுக்கென்று தனி வகுப்போ சலுகை மதிப்பெண்ணோ அவருடைய யோசனையில் இல்லை.

திட்டம் வேரூன்றுவதற்குள் இடி விழுந்தது. 1949-ல் கேல்ஸ்பர்க் கிளையை மூடிவிடத் தீர்மானமாயிற்று. மற்ற மாணவர்கள் அர்பானாவில் உள்ள தலைமைக் கலாசாலைக்கு மாறிக்கொள்ளலாம். சக்கர நாற்காலி மாணவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் ராஜ்யத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் புறப்பட்டுச் சென்று கவர்னர் ஆட்லே ஸ்டீவன்சனின் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். முறையீடு பலிக்கவில்லை. பிறகு அர்பானாவுக்கே சென்றார்கள். அங்கே அவர்கள் செய்த காரியம் கிளர்ச்சிகளின் சரித்திரத்தில் ஒரு தனி அழகு உடையது. சாபமிடவும் இல்லை, கதவை உடைக்கவும் இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த மரப்பலகைகளைக் கட்டடங்களின் வாயிற்படிகள்மேல் சாய்த்துப் போட்டு, அவற்றின்மேல் தங்கள் நாற்காலிகளை உருட்டி ஏறிக் காட்டினார்கள். இந்தக் கட்டடத்துக்குள் நீங்கள் வரவே முடியாது என்று சொன்ன நிர்வாகத்தாரின் கண்ணெதிரில், வர முடியாமல் தடுப்பது தங்கள் கால் அல்லவென்பதை ஒரு பலகையைக் கொண்டு அவர்கள் நிரூபித்துவிட்டார்கள். நிர்வாகம் தயக்கத்தோடு, பரீட்சார்த்தமாக என்று சொல்லி, ஒரு சிறு குழுவை அனுமதித்தது.

அர்பானாவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் இருப்பிடம், யுத்தம் முடிந்து மிஞ்சிய மரக்கொட்டகைகள். தார் பூசிய காகிதம் ஒட்டிய சுவர்கள். அங்கிருந்துதான் நுஜென்டும் மாணவர்களும் நாட்டின் முதல் முழுமையான மாணவர் மறுவாழ்வுத் திட்டத்தை எழுப்பினார்கள். டெல்டா ஸிக்மா ஒமிக்ரான் என்ற பெயரில் மாணவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் குழு ஊர் ஊராகச் சென்று விளையாடிக் காட்டி, பணமும் சேர்த்தது, ஜனங்களின் எண்ணத்தையும் மாற்றியது. 1949-ல் கேல்ஸ்பர்க்கில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கும், அதிலிருந்து பிறந்த தேசிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்து சங்கத்துக்கும் நுஜென்டே மூலபுருஷர். 1950-களில், நாற்காலியோடு மாணவரை மேலே தூக்கி உள்ளே வைக்கும் இயந்திரத் தட்டுப் பொருத்திய பஸ்கள் அந்தக் கலாசாலை வீதிகளில் நேரம் தவறாமல் ஓடின. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் ஊரில், ஒரு வகுப்பு முடிந்து மறு வகுப்புக்கு உரிய காலத்தில் போய்ச் சேர்வதற்கு அந்த பஸ்ஸே கதி. நடைபாதை ஓரங்களைச் செதுக்கிச் சரிவாக்கும் வேலையும் அந்த ஊரில் வெகு சீக்கிரத்திலேயே தொடங்கியது.

நுஜென்டின் காரியங்களில் உலகம் முழுவதற்கும் பயன்பட்டது எதுவென்றால், அவர் அளந்த அளவுகள்தான். ஒரு மனிதன் தன் கைவலியால் நாற்காலியை உருட்டி ஏறக்கூடிய சரிவு எவ்வளவு? எவ்வளவு அகலமான கதவு வழியே நாற்காலி உரசாமல் நுழையும்? எந்த உயரத்தில் குழாயும் தொலைபேசியும் விளக்கு விசையும் இருந்தால் உட்கார்ந்தவர் கைக்கு எட்டும்? இந்தக் கேள்விகளுக்கு அதுவரை பொதுவான விடை எதுவும் வகுக்கப்படவில்லை. இல்லினாயில், சக்கர நாற்காலி மாணவர்களையே துணைக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பரிசோதித்து முடிவு கண்டார்கள். அந்த முடிவுகள் 1961-ல் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் பெயரால், ஏ117.1 என்ற எண்ணோடு, சில பக்கங்களே கொண்ட ஒரு சிறு வெளியீடாக வந்தன. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளத்துக்குக் குறையாத சரிவு, திறந்தால் 32 அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி தரும் கதவு என்ற விதிகள் அதில் உள்ளவை. ஆறங்குல உயரமுள்ள நான்கு படிகளுக்கு இந்தக் கணக்கின்படி இருபத்துநான்கடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும். அதில் பாதி நீளத்துக்குக் கட்டிவைத்தால், பார்ப்பதற்குச் சாய்தளமாகத் தோன்றுமே ஒழிய, அதில் துணையின்றி ஏறுவது பெரும்பாடு. 1968-ல் அமெரிக்கக் காங்கிரஸ், மத்திய அரசாங்கப் பணத்தில் எழும் கட்டடங்களில் இத்தகைய வசதிகள் இருந்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்தபோது, இந்தச் சிறு வெளியீடே அதற்கு அடிப்படையாயிற்று. நம் இந்தியத் தேசத்தின் கட்டட வழிகாட்டு விதிகளிலும் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் அதே விகிதம் இன்று காணப்படுகிறது. தார்க்காகிதக் கொட்டகையில் குடியிருந்த மாணவர்கள் தங்கள் தோள்வலியால் கண்ட விகிதம் கடல் கடந்து வந்திருக்கிறது.

இந்த மகத்தான திட்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. நுஜென்ட் கண்டிப்பானவர். தம்மிடம் வரும் மாணவர் தாமே உடுத்தி, தாமே குளித்து, தாமே நாற்காலியை உருட்டிச் செல்ல வல்லவராக இருக்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. படிப்புத் தொடங்குவதற்கு முன்பே மாணவர்களை வரவழைத்து, அவர்கள் பிறர் துணையின்றி வாழக்கூடியவர்களா என்று சோதித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். தேகத்தின் பலவீனத்தைக் காட்டி உலகம் இவர்களை மறுபடியும் ஒதுக்கிவிடுமோ என்ற அச்சம் அந்தக் கண்டிப்புக்குள் இருந்தது. அது நியாயமான அச்சமே. ஆயினும் கையும் அசைக்க முடியாதவர்கள், இன்னொருவர் உணவு ஊட்டினாலன்றி உண்ண முடியாதவர்கள் அந்த வாயிலிலும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அத்தகையோருக்கான உதவியாளர்களோடு கூடிய விடுதி அர்பானாவில் 1980-களின் தொடக்கத்தில்தான் எழுந்தது. வெளியே நின்றவர்களுக்கான வழி, அதற்கு வெகுகாலம் முன்பே, மேற்குக் கடற்கரையில் திறந்துவிட்டது.

அதைச் சொல்லுமுன், நுஜென்ட் தம் திட்டத்தைத் தொடங்கிய அதே 1948-ல் நியூயார்க் நகரில் நடந்த மற்றொரு காரியத்தையும் குறிப்பிடவேண்டும். யுத்தத்தில் பார்வை இழந்த வீரர்கள் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பாடப்புத்தகங்களுக்காகத் தவித்ததைக் கண்டு, ஆன் மக்டானல்ட் என்ற அம்மையார் நியூயார்க் பொது நூல்நிலையத்தில் தொண்டர்களைச் சேர்த்து, அவர்கள் வாயால் புத்தகங்களை வாசிக்கச் செய்து, ஆறங்குல இசைத்தட்டுகளில் பதிந்து அனுப்பத் தொடங்கினார். சரித்திரம், பௌதிகம், சட்டம் எனக் கேட்ட புத்தகத்தைக் கேட்டவருக்காக வாசித்துக் கொடுத்த அந்தத் தொண்டிலிருந்தே, பார்வையற்ற மாணவருக்கான ஒலிநூல் ஸ்தாபனங்களில் மிகப் பெரியது அந்நாட்டில் வளர்ந்தது.

இனிப் பெர்க்கெலிக்கு வருவோம். எட்வர்ட் ராபர்ட்ஸ் என்ற கலிபோர்னியச் சிறுவன் 1953-ல், பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானான். இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் தவிர கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மார்பின் தசைகள் செயலற்றுப் போனதால், இரும்பு நுரையீரல் என்று சொல்லப்படும் உருளை வடிவப் பெட்டிக்குள் படுத்து, அது காற்றழுத்தத்தால் மூச்சை இழுத்து விடச் செய்ய, இரவுகளைக் கழித்தான். பகலில் சிறிது நேரம் வெளியே வருவதற்கு, காற்றை வாயால் விழுங்கி விழுங்கி நுரையீரலுக்குள் தள்ளும் வித்தையைக் கற்றுக்கொண்டான். பள்ளிப் பாடங்களை வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகக் கேட்டான். படிப்பெல்லாம் முடிந்தபின், தேகப்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் பூர்த்தியாகவில்லை என்று காரணம் காட்டிப் பள்ளி நிர்வாகம் தேர்ச்சிப் பத்திரம் தர மறுத்தது. மூச்சு விடுவதற்கே இயந்திரத்தை நம்பியிருந்த பிள்ளையைக் கார் ஓட்டவில்லை என்று நிறுத்தி வைத்த அந்த நியாயத்தை அவன் தாயார் ஸோனா ஏற்கவில்லை. அதிகாரிகளோடு போராடிப் பத்திரத்தைப் பெற்றார். மகனுடைய பிற்காலப் போராட்டங்களுக்கெல்லாம் அந்தத் தாயே ஆதி குரு.

ராபர்ட்ஸ் ஸான் மட்டியோ கல்லூரியில் இரண்டாண்டுப் படிப்பை முடித்தபோது, அங்கே மாணவர்க்கு ஆலோசகராக இருந்த ஜீன் வர்த் அவரைப் பெர்க்கெலிக்கு விண்ணப்பிக்கத் தூண்டினார். ராஜ்ய அரசாங்கத்தின் மறுவாழ்வு இலாகாவோ, இவர் ஒருகாலும் உத்தியோகம் பார்க்கத் தகுதி பெறமாட்டார் என்று முடிவுகட்டி உபகாரச் சம்பளத்தை மறுத்தது. பத்திரிகைகள் விஷயத்தை எடுத்து எழுதிய பிறகே இணங்கியது. பெர்க்கெலி அதிகாரி ஒருவர், இத்தகையவர்களை முன்பே சேர்த்துப் பார்த்தோம், சரிப்படவில்லை என்று சொன்னதாக ராபர்ட்ஸ் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். கடைசியில் தடையாக நின்றது இரும்பு நுரையீரல். சுமார் 800 பவுண்டு எடையுள்ள அதை எந்த விடுதி அறையிலும் வைக்க முடியாது. மாணவர் சுகாதார நிலையத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஹென்றி ப்ரூயின், கலாசாலைக்குள்ளேயே இருந்த கௌவெல் ஆஸ்பத்திரியின் ஓர் அறையை விடுதியாகத் தர முன்வந்தார். 1962-ல் ராபர்ட்ஸ் அங்கே குடியேறினார். கறுப்பின மாணவரான ஜேம்ஸ் மெரிடித் மத்திய அரசாங்கத்தின் ஆயுதப் பாதுகாப்போடு மிஸிஸிப்பி சர்வகலாசாலையில் பிரவேசித்ததும் அதே ஆண்டின் அதே பருவத்தில்தான்.

மறு ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்தார். நீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர். 1960-களின் இறுதிக்குள் கௌவெல் ஆஸ்பத்திரியில் பன்னிருவர் வரையில் சேர்ந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, அந்த மாடி ஒரு மாணவர் விடுதியாகவே நடந்தது. பொழுது சாய்ந்ததும் ஒருவர் அறையில் மற்றவர் கூடி அரசியல் பேசினார்கள். அந்தக் காலத்துப் பெர்க்கெலி பேச்சுரிமைக்காகவும், யுத்தத்தை எதிர்த்தும், கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் ஓயாது குமுறிக்கொண்டிருந்த ஊர். தங்களுக்கு நேர்ந்திருப்பது நோய் ஒன்று மாத்திரமல்ல, அநீதியும்கூட என்ற எண்ணம் அந்த மாடியில் பிறந்ததில் வியப்பில்லை.

1969-ல் சோதனை வந்தது. மறுவாழ்வு இலாகாவின் ஆலோசகர் ஒருவர், மாணவர் இருவருடைய படிப்பின் போக்கு திருப்தியாக இல்லை என்று கூறி அவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேற்ற முயன்றார். வெளியேற்றப்பட்டால் அவர்களுக்கு முதியோர் காப்பகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. மற்ற மாணவர் எத்தனையோ பேர் பாடங்களை மாற்றுகிறார்கள், ஒரு பருவம் பின்தங்குகிறார்கள். அந்தச் சாதாரணச் சுதந்திரம் தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஹெஸ்லரும் நண்பர்களும் கேட்டார்கள். ஒன்றுசேர்ந்து தங்களை ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று அழைத்துக்கொண்ட அவர்கள் பத்திரிகைகளிடம் சென்றார்கள், அதிகாரிகளிடம் சென்றார்கள். ஆலோசகர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார், மாணவர் இருவரும் தங்கினார்கள். அதோடு நிற்காமல், சுதந்திரமாக வாழும் வழிமுறைகளைப் பற்றிய பாடம் ஒன்றைக் கலாசாலையிலேயே ஏற்பாடு செய்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு வெளியே வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்பதை வகுப்பில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் பலனாக, மத்திய அரசாங்கத்தின் கல்வி உதவி நிதியைப் பெற்று, 1970-ல் உடற்குறை மாணவர் திட்டம் என்ற அலுவலகத்தைத் திறந்தார்கள். தலைவர் ஜான் ஹெஸ்லர்.

அந்த அலுவலகத்தில் என்ன வேலை நடந்தது என்பதைக் கிட்டே நின்று பார்ப்பது நல்லது. காலையில் மாணவரைப் படுக்கையிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி நாற்காலியில் அமர்த்தும் உதவியாளர் ஒருநாள் வராவிட்டால், அன்று பல்கலைக்கழகமே அவருக்கு இல்லை. ஆகவே அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய உதவியாளர்களின் ஜாபிதா ஒன்று அங்கே எப்போதும் தயாராக இருந்தது. மின்சார நாற்காலி பழுதானால், விற்ற கம்பெனிக்கு அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும், அதற்குள் வகுப்புகள் போய்விடும். ஆகவே பழுது பார்க்கும் பட்டறை ஒன்றையும் திறந்தார்கள். சக்கர நாற்காலி நுழையக்கூடிய வாடகை வீடுகளைத் தேடிக் குறித்து வைத்தார்கள். பார்வையற்ற மாணவருக்கு வாசிப்பவர்களைத் தேடித் தந்தார்கள். அரசாங்கத்திடம் கிடைக்கவேண்டிய தொகைக்கு விண்ணப்பம் எழுதவும், மறுக்கப்பட்டால் வாதாடவும் துணைநின்றார்கள். உதவியாளரை நியமிப்பதும் நீக்குவதும் மாணவருடைய உரிமை. தம் தேகத்தை எப்போது எழுப்புவது, எப்போது படுக்கவைப்பது என்பதை நர்ஸோ மேற்பார்வையாளரோ நிர்ணயிப்பதில்லை. அலுவலகத்தை நடத்தியவர்களிலேயே பலர் உடற்குறை உடையவர்கள். தேவை என்னவென்று நன்றாய் அறிந்த நிபுணர் அந்தத் தேவையை உடையவரே என்பது அவர்களுடைய மூல சித்தாந்தம்.

இல்லினாயும் பெர்க்கெலியும் இங்கேதான் வேறுபடுகின்றன. நுஜென்ட் கட்டடத்தைத் திருத்தினார். அந்தக் கட்டடத்துக்குள் எவரையும் எதிர்பாராமல் வாழ்வதே சுதந்திரம் என்று போதித்தார். ராபர்ட்ஸும் ஹெஸ்லரும் அதிகாரத்தைத் திருத்தினார்கள். தன் வேலைகள் அனைத்தையும் பிறர் கையால் செய்துகொள்பவனும், அவற்றை எப்போது, எப்படி, யாரைக்கொண்டு செய்வதென்று தானே தீர்மானிப்பானாகில், சுதந்திர புருஷனே என்று காட்டினார்கள். முன்னது இல்லாவிட்டால் பின்னதற்கு வழியே இருந்திராது. பின்னது வராமல் இருந்திருந்தால், சாய்தளத்தின் உச்சியில் இன்னொரு வாயிற்காப்பாளன் நின்று, யார் தகுதியுள்ள ஊனர், யார் தகுதியற்றவர் என்று தரம் பிரித்துக்கொண்டே இருந்திருப்பான்.

மாணவர் அல்லாத ஊர்க்காரர்களும் அந்த அலுவலகத்தை நாடி வந்ததால், 1972-ல் சுதந்திர வாழ்வு மையம் என்ற தனி ஸ்தாபனம் பெர்க்கெலியில் தோன்றியது. அதன் மாதிரியைப் பின்பற்றிப் பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதும், பிறகு பல தேசங்களிலும் மையங்கள் எழுந்தன. 1975-ல் கவர்னர் ஜெரி பிரௌன், ராபர்ட்ஸைக் கலிபோர்னிய மறுவாழ்வு இலாகாவின் தலைவராக நியமித்தார். ஒருகாலும் உத்தியோகத்துக்குத் தகுதியாகமாட்டார் என்று அவரைப்பற்றி எழுதிவைத்த அதே இலாகாவுக்கு அவர் தலைவரானார்.

இரண்டு ஊர்களில் மாணவர்கள் வென்றதை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது 1973-ம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவு. ஒரே வாக்கியந்தான். தகுதி உடைய எவரையும் உடற்குறையை மட்டுமே காரணமாகக் காட்டி, மத்திய அரசாங்கப் பணம் பெறும் எந்த ஸ்தாபனமும் ஒதுக்கலாகாது என்பது அதன் சாரம். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தப் பணத்தைப் பெறாதவை மிக அருமை. ஆனால் விதிகள் வகுக்கப்படாத சட்டம் ஏட்டில் உறங்கும். நான்கு ஆண்டுகளாகியும் விதிகளில் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரல் 5-ந் தேதி, ஜூடித் ஹ்யூமன், கிட்டி கோன் முதலியோர் தலைமையில், ஸான் பிரான்சிஸ்கோவில் சுகாதார, கல்வி, பொதுநல இலாகாவின் கட்டடத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் புகுந்து அமர்ந்துவிட்டார்கள். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த செவி கேளாதோர் ஜன்னலருகே நின்று சைகை மொழியால் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். கறுஞ்சிறுத்தைக் கட்சியார் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். இரவில் எழுப்பிப் புரட்டிவிட ஆள் இல்லாவிட்டால் உடம்பில் புண் விழும் நிலையில் இருந்தவர்களும், அந்த அபாயத்தை அறிந்தே, வெறுந்தரையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் 28-ந் தேதி மந்திரி ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார்.

அந்த விதிகளில் கல்லூரிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. சேர்க்கைக்கு முன் உடற்குறை இருக்கிறதா என்று கேட்கலாகாது. வகுப்பில் ஒலிப்பதிவுக் கருவியைத் தடை செய்யலாகாது. பார்வையற்றவரின் வழிகாட்டி நாயைக் கட்டடத்துக்குள் விடமாட்டோம் என்று சொல்லலாகாது. தேர்வு மாணவரின் அறிவை அளக்கவேண்டுமே தவிர அவருடைய குறையை அளக்கலாகாது என்பன அவற்றிற் சில. ஒவ்வொரு கட்டடத்தையும் இடித்துக் கட்டவேண்டும் என்று விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாம் மாடியில் நடக்கும் பாடத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினால் போதும் என்று விவேகத்தோடு இடம் கொடுத்தன. இத்தகைய பணிகளைச் செய்யும் கல்லூரி அலுவலர்களின் தேசிய சங்கமும் அதே 1977-ல் தோன்றியது. பாதை இடையூறின்றி அமைந்துவிடவில்லை. செவித்திறன் குறைந்த ஒரு பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்க்க மறுத்த வட கரோலினாக் கல்லூரிக்குச் சாதகமாக 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஓட்டம் திரும்பவில்லை. 1988-ல் காலடெட் மாணவர்கள், நூற்றிருபத்துநான்கு ஆண்டுகளாகச் செவி கேட்பவர்களே தலைமை வகித்த தங்கள் சர்வகலாசாலைக்குச் செவி கேளாதவர் ஒருவரே தலைவராக வேண்டும் என்று ஒரு வாரம் கிளர்ச்சி செய்து வென்றார்கள். கிங் ஜார்டன் தலைவரானார். 1990-ல் வந்த அமெரிக்க உடற்குறையாளர் சட்டம் அரசாங்கப் பணம் பெறாத ஸ்தாபனங்களையும் இந்தக் கடமைக்கு உட்படுத்தியது.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசாங்க உயர்கல்வி ஸ்தாபனங்களிலும் அரசாங்க உதவி பெறும் உயர்கல்வி ஸ்தாபனங்களிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியிருக்கிறது. கை எழுத இசையாத கோளாறுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், அவருக்கு உள்ள குறை சட்டம் வகுத்த நாற்பது சதவீத வரம்பை எட்டவில்லை என்று சொல்லி, தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுக்கலாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தளவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லோம். நம்மிடம் குறைவது இல்லினாயில் பலகையைச் சாய்த்தவர்களுக்கும் பெர்க்கெலியில் பட்டறை திறந்தவர்களுக்கும் கிடைத்த அந்த இடம்: ஏற்பாட்டைத் தீர்மானிக்கும் மேஜையில் ஓர் இடம். சாய்தளத்தின் சரிவை ஒப்பந்தக்காரர் தீர்மானிக்கிறார்; சொல்வதை எழுதுபவரைத் தேர்வு நாளன்று காலையில் அலுவலகம் தீர்மானிக்கிறது; லிஃப்ட் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதைக் காவலாளி தீர்மானிக்கிறார். ஏறுபவரையும் எழுதுபவரையும் கேட்பார் இல்லை.

கல்லூரியில் இடம் அளிப்பது சட்டத்தின் வேலை. அந்த இடத்தில் அமர்ந்து படிப்பை முடிப்பதற்கு எது வேண்டும் என்று நிர்ணயிப்பதில் மாணவருக்குப் பங்கு அளிப்பது கல்லூரியின் தர்மம். இதற்குப் புதிய மசோதா ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முதல்வர் தம் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மாற்றுத்திறன் மாணவர்கள் அனைவரையும் அழைத்து, உங்களுக்கு எங்கே தடை, அதை எப்படி நீக்கலாம் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, அடுத்த பருவத்துக்குள் எத்தனை நீங்கிற்று என்று அவர்களிடமே கணக்குக் காட்டுவாரானால் போதும். கேல்ஸ்பர்க் மாணவர்களும் கௌவெல் மாணவர்களும் தங்கள் கலாசாலைகளிடம் கேட்டது அடிப்படையில் இவ்வளவே. அதைக் கேட்டுப் பெறுவதற்கு அவர்கள் பட்ட பாட்டை நம் பிள்ளைகள் மறுபடியும் படவேண்டும் என்பதில்லை.